கேபினெட் விசிறி யார் பேச்சைக் கேட்க வேண்டும்?

போன மே மாதம், இரவு இரண்டு மணி இருக்கும். அம்மா எழுந்து மாடிப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு மேலே போனார். மழை வந்துவிட்டது, கொடியில் கிடக்கும் துணியெல்லாம் நனைகிறது என்று நினைத்திருக்கிறார். மொட்டை மாடியில் போய்ப் பார்த்தால் வானம் தெளிந்து கிடக்கிறது. கீழே வந்து ஹாலில் நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மழை இல்லடா, உன் கம்ப்யூட்டர்தான் இது" என்றார். முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறி இறங்கியிருக்கிறார்.

எங்கள் வீடு சின்னது. ஹாலில் ஒரு மூலையில் என் மேஜை, எதிர் மூலையில் அம்மாவின் கட்டில். வீடு, கடைகளின் உள் அலங்கார வேலைக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பது என் தொழில். பகலில் மாடல் செய்வேன், இரவில் பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர், அதாவது மாடலைப் படமாக்கும் வேலை, போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். ஆறேழு மணி நேரம் கிராஃபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அம்மாவுக்குப் பழகவே இல்லை, ஒரு வருடமாக அதை என்னிடம் சொல்லவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே கேபினெட்டின், அதாவது கம்ப்யூட்டர் பெட்டியின், பக்கக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்து உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்தது ரைசன் 5 5600 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, பி550 மதர்போர்டு. கேபினெட்டோடு வந்த ஆறு விசிறிகள்: முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கியது. "ஆறு ஃபேன் சார், எல்லாம் ஆட்டோ, சூட்டைப் பார்த்து அதுவே அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது வயரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால் ஒன்றுகூட மதர்போர்டுக்குப் போகவில்லை. ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய மோலெக்ஸ் பிளக்கில் முடிந்தன. ஒவ்வொரு விசிறிக்கும் இரண்டே வயர்: 12 வோல்ட்டும் கிரவுண்டும். சூட்டைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை, சொன்னாலும் கேட்க வழியில்லை. சுவிட்சைப் போட்ட நிமிடத்திலிருந்து அணைக்கும்வரை ஒரே வேகம்தான். வாங்கும்போதே அந்தப் பிளக்கை நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கத் தெரியாதவர்களிடம் பொய் சொல்லி விற்கலாம் என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

விசிறியின் வேகத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வீட்டு சீலிங் ஃபேனே போதும். பழைய வீடுகளில் சுவரில் தடியாக ஒரு பெட்டி ரெகுலேட்டர் இருக்கும். அதற்குள் மின்தடைச் சுருள். ஃபேனுக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கும், குறைத்த மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். அப்புறம் வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஒரு வகை மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும். மெதுவாக வைத்தால் ஃபேனிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வருமே, அது அந்த வெட்டின் சத்தம். இப்போது வாங்கும் பிஎல்டிசி ஃபேனில் ரெகுலேட்டரே தேவையில்லை. மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னச் சுற்று உட்கார்ந்திருக்கிறது, ரிமோட் சொல்வதை அது கேட்டு மோட்டாரை ஓட்டுகிறது.

கம்ப்யூட்டர் விசிறியிலும் இப்படி இரண்டு வழிகள்: மின்னழுத்தத்தைக் குறைப்பது, அல்லது கட்டளையை மட்டும் அனுப்புவது. மூன்று பின் விசிறியில் ஒன்று கிரவுண்டு, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வேகத்தைத் திருப்பிச் சொல்லும் வயர். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மதர்போர்டு மின்னழுத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். இதற்கு டிசி முறை என்று பெயர். ஓர் அளவுக்குக் கீழே போனால் மோட்டார் கிளம்பாது. நான்கு பின் விசிறியில் 12 வோல்ட் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். நான்காவது வயரில் பிடபிள்யூஎம் என்கிற கட்டளை மட்டும் போகும். நொடிக்கு 25,000 முறை அந்த வயர் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஏறியே இருக்கிறது என்பதுதான் சேதி. ஒரு சுற்று 40 மைக்ரோ நொடி. அதில் 12 மைக்ரோ நொடி ஏறியிருந்தால் 30 சதவீத வேகத்தில் ஓடு என்று அர்த்தம். மனிதக் காது சுமார் 20,000 வரைதான் கேட்கும் என்பதால் அதற்கு மேலே 25,000-ஐ வைத்திருக்கிறார்கள். சீலிங் ஃபேனில் கேட்ட ரீங்காரம் இங்கே கேட்காது. இன்டெல் வகுத்த விதி இது, பெரும்பாலான பிராண்டுகள் இதைத்தான் பின்பற்றுகின்றன.

அந்த விதியில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. நான்காவது வயர் அறுந்துபோனாலோ கழன்றாலோ விசிறி நிற்காது, முழு வேகத்தில் ஓடும். கட்டளை வராவிட்டால் பாதுகாப்பான பக்கம் சாய்ந்துகொள்ளும்படி உள்ளேயே அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் பிடபிள்யூஎம் முறையில் இருக்கும் ஹெடரில் (மதர்போர்டில் விசிறியைச் செருகும் இடம்) மூன்று பின் விசிறியைச் செருகினால் அது அடங்கவே அடங்காது. 12 வோல்ட் முழுசாக வருகிறது, கட்டளையைக் கேட்கும் காது அதற்கு இல்லை. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் அந்த ஹெடரை டிசி முறைக்கு மாற்றினால் உடனே அடங்கிவிடும். "விசிறி எப்போதும் கத்துது, என்ன செய்தும் குறையல" என்று என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமாக இருந்தது.

என் ஆறுக்கும் அந்த வழியும் இல்லை. மதர்போர்டில் செருகும் பிளக்கே அவற்றுக்குக் கிடையாது, வேகம் சொல்லும் வயரும் கிடையாது. ஆறையும் கழற்றிவிட்டு 120 மில்லிமீட்டரில் நான்கு பின் விசிறிகள் ஐந்து வாங்கினேன். ஆறு இருந்த இடத்தில் ஏன் ஐந்து என்பதற்குக் காரணம் ஊதுபத்தி.

பழைய விசிறிகளைக் கழற்றுவதற்கு முன் சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி முன்பக்க வலைக்கு அருகில் பிடித்துப் பார்த்தேன். கீழ் விசிறி இழுத்த புகை கிராஃபிக்ஸ் கார்டின் அடியில் போய்ப் பரவியது. நடு விசிறியின் புகையும் சரியாகவே போனது. மேல் விசிறி இழுத்த புகை மட்டும் உள்ளே நுழைந்து நாலு விரற்கடை தாண்டியதும் மேலே வளைந்து, பெட்டியின் கூரையில் முன்பக்கம் இருந்த விசிறி வழியாக நேராக வெளியே போய்விட்டது. ப்ராசஸர் கூலர் பக்கம் அது போகவே இல்லை. ஒன்று குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறது, பக்கத்தில் இருக்கிறது அதை வாங்கி வெளியே கொட்டுகிறது. இரண்டும் சேர்ந்து சத்தம் போட்டதுதான் மிச்சம். கூரையின் முன் இடத்தைக் காலியாக விட்டு, அந்த ஓட்டையை ஓர் அட்டை வைத்து மூடினேன். ப்ராசஸர் சூடு ஏறவில்லை, 2 டிகிரி குறைந்தது.

அடுத்தது எங்கே செருகுவது என்கிற கேள்வி. மதர்போர்டு கையேட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு ஹெடர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை. பொதுவாக 1 ஆம்பியர், அதாவது 12 வாட். தண்ணீரால் குளிர்விக்கும் கூலரின் பம்புக்கென்று ஒதுக்கிய ஹெடர் 2 அல்லது 3 ஆம்பியர் தாங்கும். விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் ஆம்பியர் அச்சிட்டிருக்கும். என் பழைய விசிறியில் 0.30 என்று இருந்தது. ஆறையும் ஒரே ஹெடரில் கோத்திருந்தால் 1.8 ஆம்பியர், போர்டுக்கே ஆபத்து. புதியதில் 0.12. மூன்றை, ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் ஓர் ஒய் கேபிளில் கோத்தாலும் 0.36தான். கிளம்பும் நேரத்தில் மோட்டார் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அதனால் எல்லைவரை போகாமல் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் ஹப் ஒன்று வாங்கித்தான் முயன்றேன். தீப்பெட்டி நீளத்தில் ஒரு பலகை. மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா வயரிலிருந்து எடுத்துக்கொள்ளும், கட்டளையை மட்டும் மதர்போர்டின் ஒரு ஹெடரிலிருந்து வாங்கி எல்லா விசிறிக்கும் பிரித்துக் கொடுக்கும். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு 4.5 ஆம்பியர்வரை இடமுண்டு, ஆகவே எட்டுப் பத்து விசிறிகள் வைப்பவர்களுக்கு இதுதான் வழி. எனக்கு ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஊதுபத்தியை மறுபடி பிடித்தபோது நடு விசிறிக்கு நேரே புகை அசையவே இல்லை. பிளக் கழன்று கிடந்தது. எத்தனை நாளாக என்று தெரியாது. திரையில் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, சரியாகக் காட்டிக்கொண்டுதான் இருந்தது, ஏனென்றால் ஹப்பில் முதல் துளையில் இருக்கும் விசிறியின் வேகம் மட்டும்தான் மதர்போர்டுக்குத் திரும்பிப் போகும். மற்றவை செத்தாலும் சேதி வராது. இது ஹப்பின் குறை கிடையாது. ஒரே வயரில் நான்கு விசிறிகளின் துடிப்பைக் கலந்து அனுப்பினால் மதர்போர்டு அதை எண்ணவே முடியாது. நான்தான் அதைத் தெரிந்துகொண்டு செருகியிருக்க வேண்டும்.

அன்றைக்கே ஹப்பை எடுத்துவிட்டேன். என் போர்டில் ப்ராசஸர் கூலருக்கான ஹெடர் போக நான்கு இருந்தன. முன்பக்கம் கீழும் நடுவும் ஓர் ஒய் கேபிளில் சேர்ந்து ஒரு ஹெடர். முன்பக்க மேல் விசிறிக்குத் தனியாக ஒன்று. கூரைக்கு ஒன்று, பின்னாலுக்கு ஒன்று. ஐந்தில் நான்கின் வேகம் இப்போது எனக்குத் தெரியும்.

இப்படிப் பிரித்ததற்கு உண்மையான காரணம் வேறு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

எந்த மதர்போர்டை வாங்கினாலும் கேபினெட் விசிறிகள் ப்ராசஸர் சூட்டைப் பார்த்து ஓடும்படிதான் பெரும்பாலும் அமைத்து வரும். ப்ராசஸர் சில்லு நகத்தளவு. பிரவுசரைத் திறந்தால் ஒரே நொடியில் 45-லிருந்து 65-க்குத் தாவும், அடுத்த நொடியில் இறங்கிவிடும். விசிறியும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரே வேகத்தில் கத்தும் சத்தத்தைவிட, இப்படி நிமிடத்துக்கு நாலு தரம் மூச்சு வாங்கும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்த ஒரு நொடியில் சூடாவதில்லை. அது சூடாகச் சில நிமிடங்கள் பிடிக்கும், ஆறவும் சில நிமிடங்கள் பிடிக்கும். கேபினெட் விசிறியின் வேலை அந்தக் காற்றை மாற்றுவது மட்டும்தான். அப்படியிருக்க அது ஏன் சில்லின் பேச்சைக் கேட்டுத் துள்ள வேண்டும்?

இன்னொன்று, என் பெட்டியில் சூட்டைக் கொட்டுவது யார்? 5600 முழுதாக உழைத்தாலும் 76 வாட். 3060-க்கு 170 வாட். ரெண்டர் ஓடும்போது ப்ராசஸர் பாதி சும்மா இருக்கிறது, கார்டு மட்டும் கொதிக்கிறது. விசிறிகளோ ப்ராசஸரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லையே என்று மெதுவாக ஓடும். கார்டின் சொந்த விசிறிகள் சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் கத்தும். விளையாடுகிறவர்களுக்கும் இதே நிலைமைதான்.

பெரும்பாலான பயாஸில் கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டைத் தேர்ந்தெடுக்க வழி இல்லை. விண்டோஸில் ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். லினக்ஸில் விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்த எல்எம் சென்சர்ஸும் அதோடு வரும் சிறு நிரல்களும் உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் ஃபேன் கண்ட்ரோலில் வைத்திருக்கிறேன். முன்பக்கம் கீழே இருக்கும் இரண்டும் கார்டின் சூட்டை மட்டும் பார்க்கும். முன்பக்க மேல் விசிறியும் கூரை விசிறியும் ப்ராசஸரைப் பார்க்கும். பின்பக்க விசிறி, கார்டு, ப்ராசஸர் இரண்டில் எதன் சூடு அதிகமோ அதைப் பார்க்கும். எல்லாவற்றிலும் ஏற எட்டு நொடி, இறங்க முப்பது நொடி தாமதம். இந்தத் தாமதத்தை வைத்த இரவிலிருந்து மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. மென்பொருள் ஏதாவது காரணத்தால் ஓடாமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் பயாஸிலும் ஒரு மிதமான அளவை அமைத்து வைத்திருக்கிறேன். அதை மறக்கக் கூடாது.

குறைந்தபட்ச வேகத்தை ஊகித்து வைக்காமல், ஒவ்வொரு விசிறியாக 5 சதவீதம் இறக்கிப் பார்த்தேன். பின்பக்க விசிறி 15-இல் நின்றது. மறுபடி ஏற்றினால் 20-இல் லேசாக ஆடியது, 25-இல்தான் சுற்றத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் விசிறி நிற்கிற இடமும், நின்ற விசிறி கிளம்புகிற இடமும் வேறு வேறு. கிளம்பும் இடத்துக்கு ஒரு படி மேலே, 30-ஐ அடிமட்டமாக வைத்தேன். கார்டு 50 டிகிரிவரை 30 சதவீதம், 65-இல் 45, 75-இல் 60. அதற்குமேல் போனால்தான் நூறை நோக்கி ஏறும்.

வேகத்தை இவ்வளவு குறைத்தால் சூடாகாதா என்று கேட்பார்கள். நானும் பயந்தேன், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் 250 வாட் சூடு. நிமிடத்துக்கு 50 கன அடிக் காற்று உள்ளே வந்து வெளியே போனால், அந்தக் காற்று சுமார் 9 டிகிரி சூடேறும். 100 கன அடி போனால் நாலரை. 200 போனால் இரண்டேகால். முதல் இரட்டிப்பில் நாலரை டிகிரி லாபம், அடுத்த இரட்டிப்பில் அதில் பாதிதான். சத்தமோ எதிர்த் திசையில் ஓடுகிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். மே மாதத்தில் எங்கள் ஹாலில் இரவிலும் 34 டிகிரி. எந்த விசிறியாலும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. பழைய ஆறு விசிறிகள் முழு வேகத்தில் ஓடியபோது கார்டு 71-இல் நின்றது. இப்போது ஐந்து விசிறிகள் பாதி வேகத்தில், அதே காட்சியை ரெண்டர் செய்யும்போது 74. அந்த 3 டிகிரிக்காகத்தான் ஒரு வருடம் அம்மா தூங்கவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு சத்தம் மிச்சமிருந்தது. மெலிதாக, வூ... வூ... வூ... என்று ஏறி இறங்கும். எந்த விசிறியைத் தனியாக ஓட்டிப் பார்த்தாலும் அது வரவில்லை. கூரையும் பின்னாலும் சேர்ந்து ஓடினால் மட்டும் வந்தது. ஆர்பிஎம்மைப் பார்த்தால் ஒன்று 900, இன்னொன்று 920. ஏழு இறக்கை விசிறி 900-இல் சுற்றினால் நொடிக்கு 105 முறை இறக்கை ஓர் இடத்தைக் கடக்கும், 920-இல் 107க்குச் சற்று மேல். நாதஸ்வரமும் ஒத்தும் சுருதி சேர்வதற்கு ஒரு மயிரிழை முன்னால் காதில் ஓர் அலை வருமே, அதேதான் இங்கே நொடிக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்தது. ஒரே மாதிரி விசிறிக்கு ஒரே சதவீதம் கொடுத்தாலும் வேகம் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே வேண்டுமென்றே விலக்கினேன். கூரையை 780-க்கு இறக்கினேன், பின்னாலை 900-த்திலேயே விட்டேன். அலை காணாமல் போனது.

விளக்குகள் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. விசிறி விளக்கின் மூன்று பின் பிளக் 5 வோல்ட்டுக்கானது, நான்கு பின் விளக்கு ஹெடர் 12 வோல்ட். மாற்றிச் செருகினால் விளக்குகள் எரிந்துபோகும். அழுத்தித் தள்ளினால்தான் போகும் என்றால், அது அந்த இடத்துக்கு உரியதே கிடையாது. என் புதிய விசிறிகளில் விளக்கு இல்லை. ஹாலில் தூங்குகிறவர் இருக்கும்போது அது வேண்டவும் வேண்டாம்.

இப்போது மேஜை இழுப்பறையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் வலையைக் கழற்றித் தூசி தட்டிவிட்டு, நான்கு ஹெடரையும் 45 சதவீதத்தில் நிறுத்தி ஆர்பிஎம்மை எழுதுவேன். பக்கத்தில் அறையின் வெப்பநிலை. பின்பக்க விசிறி நவம்பரில் 870, டிசம்பரில் 870, ஜனவரியில் 855. இந்த மாதம் 790. கட்டளை அதே 45தான். விரலால் தட்டிச் சுற்றிவிட்டால் மற்றவை நிதானமாக நிற்கின்றன, இது சட்டென்று நிற்கிறது. பேரிங் காய ஆரம்பித்துவிட்டது. சத்தம் இன்னும் வரவில்லை. மாற்று விசிறிக்கு நேற்றே ஆர்டர் போட்டுவிட்டேன்.